முறம் அளவு நண்டு

எங்கள் ஊரில் பொய் சொல்கிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. நடந்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சுவோம், அது பயிராகி நிற்கும், அவ்வளவுதான். நான் முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து மதகு ஏற்றி இறக்கியவன். எத்தனை அங்குலம் திறந்தால் எதுவரை பாயும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊர் பெயர் மூணுமதகு. திருவிடைமருதூரிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிஷம். டிரைவர் வழியில் மாமியார் வீட்டில் இறங்கிப் பேசினால் நாற்பது. ஊருக்கு ஒரே டீக்கடை, அப்துல் வஹாப் பாய் கடை. அம்சத்தின் நண்டுக் கதையை நான் அரங்கேற்றியது அங்கேதான்.

அம்சம் நடவு செட்டைக் கட்டி மேய்க்கிற கொத்துக்காரி. பதினாலு பெண்களோடு வயலில் இறங்கினால், ஒன்றரை ஏக்கரைப் பச்சையாக்கிவிட்டுத்தான் கரையேறுவாள். ஆனி மாசம் குறுவை நடவு ஆரம்பித்த முதல் நாள், வேலை முடிந்து வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடக்கிறாள். கால் விரலை ஒரு நண்டு கவ்விக்கொண்டு கூடவே வருகிறது. அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் கால் கழுவும்போதுதான் பார்த்தாள்.

நடந்தது இவ்வளவு. இதை இப்படியே சொன்னால் எவன் டீ வாங்கித் தருவான்? முதல் நாள் நண்டு உள்ளங்கை அளவு இருந்தது. அடுத்த வாரம் தேங்காய் மூடி அளவு. ஆனி கடைசியில் முறம் அளவு. "வழி பூரா அம்சம் நொண்டலை, இழுபட்டு வந்த நண்டுதான் நொண்டிச்சு" என்று முடிப்பேன். கடை குலுங்கும். அம்சமே ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "மாமா, அந்த நண்டுக்கு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்துட்டீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்தச் சமயத்தில்தான் வானதி வந்தது. திருவாரூர்ப் பக்கத்துப் பெண். துணை சுகாதார நிலையத்துக்குப் புது நர்ஸ். வரும்போதே ஒரு புதுத் திட்டத்தோடு வந்தது. சர்க்கரை இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, மாத்திரையும் புண்ணுக்குக் கட்டும் அவர்கள் இருக்கிற இடத்துக்கே போக வேண்டும். மாசம் இரண்டு தடவை டாக்டர் வருவார். மூன்று மாசம் சோதனை ஓட்டம். ஓடினால் திட்டம் எங்களுக்கு நிரந்தரம். ஓடாவிட்டால் வாய்க்காலுக்கு அந்தண்டை ஊருக்குப் போய்விடும். அந்தண்டை ஊருக்கு எங்கள் தெருநாய்கூட விருந்துக்குப் போகாது.

முதல் முகாம் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. மேலேயிருந்து வந்த படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்வி. நடவு நேரத்தில் பத்து மணிக்கு ஊருக்குள் யார் இருப்பார்கள்? ஐயனார்கூட வரப்பில்தான் நிற்பார். ஒன்பது பேர் போனோம். நாலு பேர் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். நான் பிஸ்கட்டுக்காக.

சாயங்காலம் வானதி படிவத்தோடு வாய்க்கால் கரைக்கே போய் அம்சத்தின் செட்டை மறித்தது.

"தினமும் எத்தனை நிமிஷம் நடைப்பயிற்சி செய்யறீங்க?"

"நாத்தை ஊனிக்கிட்டு நாள் பூரா பின்னாடியேதாம்மா நடக்கறோம்," என்றாள் அம்சம். "அதைக் கூட்டிக்குவியா, கழிச்சுப்புடுவியா?"

பதினாலு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். வானதி அந்தக் கேள்வியைப் பேனாவால் அடித்ததை நான் பார்த்தேன்.

இரண்டாவது முகாம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. மாரியம்மன் கோயில் மைக்கிலும் பள்ளிவாசல் மைக்கிலும் சொல்லியாகிவிட்டது, வெறும் வயிற்றோடு வரவும் என்று. அம்சத்தின் செட் ஐந்து மணிக்கே வயலில் இறங்கிவிட்டது. மற்றபடி அறுபத்தெட்டுப் பேர் திரண்டோம். அறுபத்தோரு பேருக்குச் சர்க்கரை! மிஷினே பயந்துபோய் ஒரு தடவை அணைந்துவிட்டது. மேலேயிருந்து வானதிக்குப் போன் வந்தது. "என்னம்மா, அது ஊரா, சர்க்கரை ஆலையா?"

மறுநாள் காலை ஐந்தரைக்கு அந்தப் பெண் நேரே டீக்கடைக்கு வந்து நின்றது. பெஞ்சில் நாங்கள் ஏழெட்டுப் பேர். எதிரே குணசேகரன், கையில் இரண்டாவது டீயோடு.

"நேத்து எல்லாரும் வெறும் வயித்தோடதானே வந்தீங்க?"

"சத்தியமா," என்றான் குணசேகரன்.

"அப்ப கையில இருக்கறது?"

"இது டீம்மா."

"அதுல சர்க்கரை இருக்குல்ல?"

"இல்லாம? மூணு கரண்டி. ஆனா டீ எப்படிம்மா சாப்பாட்டுல சேரும்?"

வஹாப் பாய் டீயை ஆற்றிக்கொண்டே விளக்கினார். "நர்ஸம்மா, இந்த ஊர்ல டீங்கறது வாய் கொப்புளிக்கிற சங்கதி. பல்லு வெளக்கறதுல அதுவும் ஒரு பாதி. நேத்து ஊசி குத்துவாங்களேன்னு தைரியத்துக்கு ஆளுக்கு ரெண்டு குடிச்சுட்டுத்தான் வந்தாங்க. எனக்கு நல்ல யாவாரம்."

வானதிக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு போடுங்க பாய்," என்றது. ஊருக்கு வந்த பெண் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நான் நண்டை அவிழ்த்துவிட்டேன். முறம், இழுபடல், நொண்டல், ஒன்றும் விடவில்லை. கடை சிரித்தது. வானதி சிரிக்கவில்லை.

"எந்தக் கால், தாத்தா?"

நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. ஒரு நாள் வலது என்றிருப்பேன், ஒரு நாள் இடது. ஒரு தடவை இரண்டு காலிலும் இரண்டு நண்டு.

"இடது," என்றேன், யோசித்து.

"நண்டு எவ்வளவு பெருசு?"

"முறம் அள..."

"தாத்தா."

"தேங்காய் மூடி."

வானதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் மேலதிகாரி யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எலுமிச்சம்பழம்," என்றேன். "நடுத்தரப் பழம்."

"அவங்களுக்கு வலிக்கவே இல்லையா? அது உங்க பங்கா, நிஜமா?"

"அது மட்டும் நிஜம்மா. விரல்ல ரத்தம் கட்டி இருந்துச்சு. கழுவற வரைக்கும் தெரியலைன்னு அவளே சொன்னா."

வானதி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தது. "நண்டு கடிச்சா வலிக்கணும் தாத்தா. வலிக்கலைன்னா காலுக்கு உணர்ச்சி போயிட்டு வருதுன்னு அர்த்தம். சர்க்கரை ரொம்ப நாளா உள்ள இருந்தா அப்படி ஆகும். அவங்க இன்னிக்கு எங்க நடறாங்க?"

அரசமரத்து மதகுக்குக் கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. வானதி ஸ்கூட்டியைக் கரையில் நிறுத்தியது. பின்னால் நானும் இறங்கினேன். என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை. என் நண்டு சம்பந்தப்பட்டிருந்ததால் போனேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் கரையேறுங்க. காலைப் பாக்கணும்."

"காலைப் பாத்து என்னா பண்ணப் போறே, கொலுசா போடப் போறே?" அம்சம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "நான் ஏறினா பதினாலும் ஏறும். நாங்க ஒருநாள் நின்னா மறுநாள் இந்த வயல்ல நடவு மிஷின் வந்து நிக்கும். போம்மா."

வானதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கியது. முழங்கால் வரை உள்ளே போனது. பிரகதாம்பாள் என்கிற ஒல்லிப் பெண், "ஐயோ, நர்ஸம்மா நடவாகுது, பிடிங்கடி!" என்று கத்தினாள். அம்சத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வரப்பேறி உட்கார்ந்தார்கள். வானதி வாய்க்கால் தண்ணீரில் அவள் இடது காலைக் கழுவி, நாற்று முடிச்சிலிருந்து ஒரே ஒரு நாற்றை உருவிக்கொண்டது.

"கண்ணை மூடிக்குங்கக்கா. நாத்து நுனியால தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

அம்சம் கண்ணை மூடினாள். வானதி பெருவிரலைத் தொட்டது. சுண்டுவிரலைத் தொட்டது. உள்ளங்காலில் மூன்று இடம் தொட்டது.

அம்சம் கண்ணை மூடியபடியே சொன்னாள்: "தொடேன்மா. தொட்டாத்தானே சொல்லுவேன்?"

பதினாலு பேரும் கையில் நாற்றோடு அப்படியே நின்றார்கள். எனக்கு என் கதைக்குச் சிரித்த சிரிப்பெல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டது. அது நன்றாக இல்லை.

சுண்டுவிரல் இடுக்கில் ஒரு காசு அகலத்துக்குப் புண் இருந்தது. சேறு மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்று நாற்பது. நல்ல வேளையாக மறுநாளே டாக்டர் வருகிற நாள். வானதி அவரை நடவு வயலுக்கே கூட்டி வந்தது. அவர் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். போன உணர்ச்சி திரும்பி வருமென்று நம்ப வேண்டாம், இனி கண்ணால்தான் காலைக் காப்பாற்ற வேண்டும். ஆறு வாரம் இந்தக் கால் சேற்றில் படக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், தினம் இன்சுலின் ஊசி. செய்தால் அஞ்சு விரலும் நிற்கும். செய்யாவிட்டால் முதலில் விரல் போகும், பிறகு கால்.

"என் மாமியாருக்கு விரல்னுதான் ஆரம்பிச்சாங்க," என்றாள் அம்சம். "முழங்காலோட வந்து படுத்துச்சு. ஆறு வாரம் நான் வீட்ல கெடந்தா, செட்டை யாரு நடத்தறது? நான் வரலை."

வானதி அவளோடு வாதாடவில்லை. செட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. "உங்கள்ல ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"முடியலைன்னா வீட்ல கெடப்போம்," என்றாள் பிரகதாம்பாள். "மாசமா இருந்தாத்தான் வரப்பு."

"வரப்புன்னா?"

எங்கள் ஊர் செட்டில் அப்படி ஒரு வழக்கம். ஏழாம் மாசத்துக்குப் பிறகு பிள்ளைத்தாய்ச்சி சேற்றில் இறங்க மாட்டாள். வரப்பில் நின்று நாற்று முடிச்சை வீசிக் கொடுப்பாள், வரிசை கோணினால் அதட்டுவாள். சேற்றில் நின்றவர்களுக்கு என்ன பங்கோ, அதே பங்கு அவளுக்கும். எந்தக் காலத்திலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது. நானே கேட்டதில்லை.

"அப்ப அம்சக்காவுக்கு வரப்பு குடுங்க," என்றது வானதி.

அம்சத்துக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "எனக்கு அம்பத்தாறு வயசாவுது. மாசமா இருக்கேன்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?"

"நீ ஏன் சொல்லணும்? நான் சொல்லிக்கறேன்," என்றேன். "ரெட்டைப் புள்ளைன்னே சொல்லிடறேன்."

"மாமா, நாத்துக்கட்டால அடிச்சுருவேன்!"

அதற்குள் பிரகதாம்பாள் தன் சும்மாட்டுத் துணியை வரப்பில் விரித்துவிட்டாள். "ஒக்காருக்கா. எத்தனையாவது மாசம்?" இன்னொருத்தி, "வளைகாப்பு எப்பக்கா?" பதினாலு வாயும் சேர்ந்துகொண்டால் எந்தக் கொத்துக்காரியாலும் தாங்க முடியாது. திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மூன்றாவது வரிசை கோணுகிறது என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகுதான் வானதி திட்டத்தைப் புரட்டிப் போட்டது. முகாம் என்ற பேச்சே நின்றுபோயிற்று. சர்க்கரைச் சோதனை காலை ஐந்தரைக்கு டீக்கடையில், பாய்லர் பொங்குவதற்கு முன்னால். கட்டு மாற்றுவது அரசமரத்து மதகில். அம்சத்தின் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது என்பதால் அவள் இன்சுலின் வஹாப் பாய் ஃப்ரிட்ஜில், ஒரு டப்பாவுக்குள், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில். காலையில் பாயின் வீட்டம்மா மெஹராஜ் பேகம் கதவைத் திறந்து, "அம்சம், உன் சாமான்!" என்று குரல் கொடுப்பாள்.

ஊரே விரல் நீட்ட வேண்டும் என்று சட்டம் போட்டவர் வஹாப் பாய்தான். "விரலை நீட்டினாத்தான் கிளாஸை நீட்டுவேன்." நான் மானஸ்தன். இரண்டு நாள் நீட்டவில்லை. டீ இல்லாத அந்த இரண்டு நாளும் என் வாயில் உண்மை தவிர வேறெதுவும் வரவில்லை, அவ்வளவு பலவீனம். மூன்றாம் நாள் நீட்டிவிட்டேன். தொண்ணூற்றெட்டு. "இதாச்சும் நிஜமா அண்ணே?" என்று கேட்டார் பாய், மிஷினைத் தட்டிப் பார்த்தபடி.

வானதிக்கு இன்னொரு பழக்கமும் ஏற்பட்டது. வாரம் ஒரு நாள் நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கதை தாத்தா?" என்று கேட்கும். நான் பாட்டுக்குச் சொல்வேன். குணசேகரன் வீட்டுக் கொல்லைத் தென்னை இந்த வருஷம் இரட்டிப்பாகக் காய்த்திருக்கிறது, ஏனென்றால் அவன் இரவில் ஏழு தடவை எழுந்து அதற்குத்தான் தண்ணீர் விடுகிறான் என்றேன். அவன் வீட்டிலேயே டீ போட்டுக் குடித்துக்கொண்டு, மறுபடி சோதித்துக்கொள்ளாமல் நழுவிக்கொண்டிருந்த ஆள். வானதி தென்னையை அடித்துவிட்டு ஏழு தடவையை மட்டும் எழுதிக்கொண்டது. மறுநாள் குணசேகரன் விரல் நீட்டினான். இருநூற்று எண்பது. இப்போது டீயில் சர்க்கரை இல்லை. என்னோடு பேச்சும் இல்லை.

ஆறு வாரத்தில் அம்சத்தின் புண் அடியிலிருந்து பொருந்தி வந்தது. சுற்றிலும் இளஞ்சிவப்பாகத் தோல் கட்டியது. தினமும் சாயங்காலம் அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மெஹராஜ் பேகத்தின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வாள். செட்டுப் பெண்கள் கரையேறியதும் ஒருத்தி காலை ஒருத்தி பார்ப்பார்கள், நாற்று நுனியால் தொட்டு. அதில் இன்னும் இரண்டு பேருக்கு உணர்ச்சி மங்கியது தெரிந்தது. அவர்களுக்குப் புண் வருவதற்கு முன்னாலேயே.

புரட்டாசியில் சம்பா நடவு. மூன்று மாசம் முடிந்தது. மாவட்டத்திலிருந்து பரணிதரன் என்ற ஆபீசர் ஜீப்பில் வந்து பஞ்சாயத்து ஆபீசில் இறங்கினார். அது பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். அங்கே இருந்த வானதியின் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் மாறியது.

"படிவத்துல நாப்பத்திரண்டு கேள்வி இருந்துச்சே?"

"இங்க மூணு போதும் சார். இன்னும் டீ குடிக்கலையே? ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? இன்னிக்கு உங்க காலை யார் பாத்தாங்க?"

"மாத்தறதுக்கு யாரைக் கேட்டீங்க?"

"ஊருக்கு ஏத்தாப்ல மாத்திக்கலாம்னு திட்டத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு சார். ஊரைக் கேட்டேன்."

ஆபீசர் கோப்புத் தாள்களை அடுக்கிப் பெஞ்சில் வைத்தார். பக்கத்து ஊர் தலைவர் தனக்கு மூன்று தடவை போன் பண்ணிவிட்டதாகச் சொன்னார். திட்டம் வாய்க்காலைத் தாண்டினால் மதகடிக்கு யார் கட்டு மாற்ற வருவார்கள்? புதுத் தோல் ஒருநாள் பிளந்தாலும் அம்சம் ஊர் தாண்டிப் போய்க் காட்டுகிற ஆள் இல்லை.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க," என்று என் பக்கம் திரும்பினார். "இங்க என்னதான் நடந்துச்சு?"

சொன்னேன். இடது கால். எலுமிச்சம்பழ அளவு நண்டு. வலி தெரியவில்லை. நாற்று நுனி, புண், வரப்பு, பால் ஃப்ரிட்ஜ். ஒரு சொல் கூட்டவில்லை. கடையே வாயைப் பிளந்து என்னைப் பார்த்தது. குணசேகரன் எழுந்தே நின்றுவிட்டான்.

ஆபீசர் சிரித்தார். "நல்லா கதை சொல்றீங்க பெரியவரே."

எழுபத்தாறு வயசில் முதல் தடவையாக முழு உண்மை சொல்கிறேன், அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

நல்லவேளை, மத்தியானக் கஞ்சிக்கு செட் கரையேறி வந்துகொண்டிருந்தது. முன்னால் அம்சம், காலில் புது ரப்பர் செருப்பு, துளி சேறு இல்லை. ஆபீசர் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றினாள். இடது காலைத் தூக்கி, ஆபீசரின் கோப்புக்குப் பக்கத்தில், பெஞ்சின் மேல் வைத்தாள்.

"எண்ணிக்குங்க சார்."

ஆபீசர் நிஜமாகவே எண்ணினார். சுண்டுவிரலிடம் வந்ததும் குனிந்து அந்த ஆறின தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அஞ்சு," என்றார்.

"மாமியாருக்கு ஒண்ணும் மிஞ்சலை. எனக்கு அஞ்சும் இருக்கு. இந்தத் திட்டத்தைத் தூக்கி அந்தண்டை ஊருக்குக் குடுக்கணும்னா, இந்தக் காலையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போங்க." அம்சம் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்க காலை இன்னிக்கு யாரு சார் பாத்தா?"

ஆபீசர் தன் ஷூவைப் பார்த்தார். வானதி பெட்டியைத் திறந்தது. "டீ இன்னும் குடிக்கலையே சார்?"

"காலையில வீட்ல ஒண்ணு. வழியில ஒண்ணு." கொஞ்சம் தயங்கினார். "மத்தபடி வெறும் வயிறுதான்."

கடை சிரித்த சிரிப்பில் பாய்லர் மூடி ஆடியது. மறுநாள் காலை ஐந்தரைக்கு ஜீப் வந்து நின்றது. ஆபீசர் டீ இல்லாமல் வந்து விரலை நீட்டினார், பிறகு ஷூவையும் கழற்றினார். அம்சமே நாற்று நுனியால் தொட்டுப் பார்த்து, "உங்களுக்கு நண்டு கடிச்சா நல்லா வலிக்கும் சார், பயப்படாதீங்க," என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: மூணுமதகில் திட்டம் மூணுமதகு முறைப்படியே தொடரும். பக்கத்து ஊருக்குத் தனியாக ஒன்று தருவார்களாம். அவர்கள் ஊர் டீக்கடையில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று பாய் விசாரித்து வைத்திருக்கிறார். இல்லை.

அம்சம் இப்போது நிரந்தரமாக வரப்பில். எத்தனையாவது மாசம் என்று கேட்பவர்களுக்கு, "உங்க ஆத்தாளைக் கேளு," என்கிறாள். சாயங்காலம் கண்ணாடியில் காலைப் பார்த்து முடித்ததும் என் பக்கம் திருப்பிக் காட்டுவாள். நானும் எண்ணுவேன். அஞ்சு.

காலுக்கு இனி என் சாட்சி தேவைப்படாது. அதனால் நண்டை மறுபடி வளர்க்க ஆரம்பித்திருக்கிறேன். நேற்று நிலவரப்படி முறத்தைத் தாண்டிவிட்டது. ஆபீசர் ஜீப்பின் பின்சக்கரத்தைக் கவ்வி, மாவட்ட ஆபீஸ் வரைக்கும் கூடவே போனது அதுதான்.